அத்திவாரமும் நீர்வழியும்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு மலர்க்குழுவினர் எழுதியபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கிய ஆராய்ச்சியொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாம் எழுதப் புகுந்ததோ மண்ணையும் நீரையும் பற்றியது. பழைய மாணவருள் பலர் இன்று கட்டடங்களுக்குப் பணம் ஒதுக்கும் நிலையில் இருக்கின்றனர். சிலர் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களை நடத்துகின்றனர். வேறு சிலர் ஓய்வூதியப் பணத்தைக்கொண்டு மலைச்சாரலிலே வீடு கட்ட முயல்கின்றனர். றக்வானையிலே எம்மிடம் பயின்ற தோட்டத்துப் பிள்ளைகளோ, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லயன் அறையை விட்டு, முதன்முதலாகத் தமக்கென ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகின்றனர். சீமெந்துக்கும் கம்பிக்கும் கூரைத் தகட்டுக்கும் இவர்கள் அனைவரும் கணக்கு எழுதுகின்றனர். கட்டடத்தைச் சுற்றி நீர் செல்லவேண்டிய வழிக்குக் கணக்கு எழுதினாரை யாம் கண்டது அரிது. அதனால் விளைந்த கேடொன்றை அருகிலிருந்து கண்டமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

யாம் பொறியியலாளர் அல்லேம். ஆயினும், பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற முறையில், தெரிந்ததைத் தெரிந்த அளவிற்கு ஒழுங்காக எடுத்துரைத்தல் எமக்குப் பழக்கமானதொன்று.

முதலில் இடத்தைக் கூறுவோம். காலியிலிருந்து தெனியாய வழியாக மாதம்பைக்குச் செல்லும் ஏ-17 நெடுஞ்சாலையில், இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பாகத்திலே றக்வானை அமைந்துள்ளது. அதன் மலைத்தொடரில் கொங்கலைச் சிகரம் 1,358 மீற்றர் உயரமுடையது. கோப்பி பயிரிட்ட காலம் தொட்டே இங்குத் தோட்டங்கள் உண்டு. பின்னர்த் தேயிலையும் றப்பரும் வந்தன. பள்ளத்தாக்குகளில் இரத்தினக்கல் அகழ்வர். வைகாசி தொடங்கித் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொணரும். அது ஓய்ந்தபின் ஐப்பசியிலே பிற்பகல்தோறும் இடியுடன் கூடிய மழை கொட்டும். இரத்தினபுரி நகரின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3,700 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல ஏறக்குறைய மும்மடங்கு. சுண்ணக்கல் நிலத்திலே பெய்த மழை உடனே கீழே இறங்கிவிடுவதைக் கண்டு வளர்ந்த வடபுலத்து நண்பர்கள், மலைநாட்டு நீரின் இயல்பை அறியாமலிருத்தல் குற்றமன்று. இங்கே நீர் நேரே கீழே இறங்குவதில்லை. மேல்மண்ணுக்குள் நுழைந்து, அடியிலுள்ள இறுகிய மண்ணையோ பாறையையோ எதிர்ப்பட்டு, அதன்மீது சாய்வாக ஊர்ந்து வரும். மழை நின்று வெயில் எறித்தபின்னும் அவ்வூர்தல் நிற்பதில்லை.

இனி, யாம் கண்ட நிகழ்ச்சியைக் கூறுவோம்.

இப்பகுதிப் பாடசாலை ஒன்றிலே மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி இரண்டு மாடிக் கட்டடம் எழுப்பினர். பின்புறத்திலே வெட்டப்பட்ட மண்கரையைத் தாங்குவதற்குப் பத்தடி உயரத்தில் கருங்கல் அணைச்சுவர் கட்டப்பட்டது. அச்சுவரில் வரிசை வரிசையாகக் குழாய்த் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. திறப்பு விழா நெருங்கியது. சுவர் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்று எவரோ சொல்ல, சுவர் முழுவதற்கும் சாந்து பூசி, குழாய் வாய்களையும் அடைத்து, வெள்ளையும் அடித்துவிட்டனர். அன்று அங்கு நின்ற எங்களுள் ஒருவரேனும், அத்துளைகள் எதற்காக இருந்தன என்று கேட்டோமல்லோம். தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பிள்ளைகளைப் பழக்குவதிலே யாம் முனைந்திருந்தோம்.

அவ்வாண்டு ஐப்பசி மழையிலே, கீழ்மாடியில் ஐந்தாந் தரத்துப் பிள்ளைகள் இருந்த அறையின் தரை வியர்த்தது. சுவரின் அடிப்பாகத்தில் வெண்பூப் பூத்ததுபோல உவர் படிந்தது. கதவு சட்டத்தோடு இறுகியது. முன்பக்கத்து மூலையிலே யன்னலின் கீழ்க்கோடியிலிருந்து நூல்போன்ற வெடிப்பொன்று சாய்வாக இறங்கியது. சாந்து சரியில்லை என்றார் ஒருவர். சீமெந்திலே களவு நடந்தது என்றார் மற்றொருவர். பெயின்ற் அடித்தால் மறையும் என்ற முடிவுக்குச் சபை வந்தது.

எம் மாணவன் ஒருவனின் பாட்டனார் அப்பொழுது பேரனை அழைத்துச் செல்ல வந்திருந்தார். தோட்டத்திலே நாற்பது ஆண்டுகளாகக் கான் வெட்டியவர். அவர் வெடிப்பைப் பார்க்கவில்லை. கட்டடத்தின் பின்புறம் சென்று சுவரின் அடியையே நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தார்.

“சேர், கட்டடம் வர்றதுக்கு முன்னால இந்த இடத்துல எப்பவும் ஊத்துக் கசியும். இவ்வளவு மழைக்கு ஏன் காய்ஞ்சு கெடக்கு?” என்றார்.

“அணைச்சுவர் கட்டிவிட்டார்களே, தாத்தா. அதனால் நின்றிருக்கும்” என்றோம்.

“சுவரு கட்டுனா தண்ணி எங்கிட்டுப் போகும், சேர்? உள்ளதான நிக்கிது” என்றார் அவர்.

அதன்பின்னரே, சுவரின் நடுப்பாகம் சற்று வயிறு தள்ளியிருத்தல் எம் கண்ணுக்குத் தெரிந்தது. பிள்ளைகளை அவ்வறையிலிருந்து மண்டபத்துக்கு மாற்றுமாறு அதிபரை வேண்டிக்கொண்டோம். அவரும் அன்றே மாற்றினார். மறுநாள் மழையில்லாக் காலைப்பொழுதில், முதியவர் பக்கவாட்டில் எட்டி நின்று, அலவாங்கினால் ஒரு குழாயின் வாயிலிருந்த சாந்தை உடைத்தார். சேறு கலந்த நீர் முழ நீளத்துக்குப் பீறிட்டது. பத்துப் பன்னிரண்டு துளைகளைத் திறந்தபின்னும் மாலைவரை நீர் வடிந்துகொண்டேயிருந்தது.

இந்நிகழ்ச்சியின் காரணத்தை அறிய வேண்டி யாம் சில நூல்களைப் புரட்டினோம். பொறியியல் கற்ற பழைய மாணவர் சிலரிடமும் கேட்டோம். அறிந்தவற்றை இனிக் கூறுவோம்.

மண் என்பது ஒரே பிண்டமன்று. மணிகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்க, அவற்றின் இடைவெளிகளில் காற்றும் நீரும் இருக்கின்றன. மேலே சுமத்தப்படும் பாரத்தை மணிகள் ஒன்றோடொன்று அழுந்தித் தாங்குகின்றன. அவ்வாறு அழுந்துவதனால் உண்டாகும் உராய்வே சரிவிலுள்ள மண்ணை நிற்கச் செய்வது. இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பி, அந்நீருக்கு வெளியேற வழியுமில்லையாயின், பாரத்தின் ஒரு பகுதியை நீர் ஏற்றுக்கொள்கிறது. மணிகள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, உராய்வும் குறைகிறது. நேற்றுவரை அசையாது நின்ற அதே மண் இன்று வழுக்குவது இதனாலேயாம். இவ்வுண்மையைத் தெளிவாக வகுத்தவர் கார்ல் தெர்சாகி என்பார். பிராகு நகரிலே பிறந்து, இஸ்தான்புல் நகரத்துக் கல்லூரியொன்றிலே ஆசிரியராயிருந்தபோது எளிய கருவிகளைக்கொண்டு பரிசோதனைகள் செய்து, 1925-ஆம் ஆண்டில் வியன்னாவிலே தம் நூலை வெளியிட்டார். மண்ணின் எடையோடு மண்ணுள் நிற்கும் நீரின் அமுக்கத்தையும் கணக்கிடவேண்டும் என்பது அவர் காட்டிய வழி. றக்வானை முதியவர் அந்நூலைக் கண்டவரல்லர். நீரை நிற்கவிடலாகாது என்பதைத் தம் மண்வெட்டியால் அறிந்திருந்தார்.

அணைச்சுவரின் நிலையைச் சிறு கணக்கொன்றினால் விளக்கலாம். பத்தடி என்பது ஏறத்தாழ மூன்று மீற்றர். சுவரின் பின்னே அவ்வளவு உயரத்துக்கும் நீர் தேங்குமாயின், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் நீர் மாத்திரம் நாலரைத் தொன் பாரத்தால் தள்ளும். மண்ணின் தள்ளுகை இதனோடு சேரும். துளைகள் திறந்திருந்து, அவற்றின் பின்னே உடைகல் நிரப்பப்பட்டு, நீர் தாராளமாக வடியுமாயின் இந்நாலரைத் தொன்னும் அனேகமாக இல்லாமற் போய்விடும். நான்கு விரற்கடைக் குழாய்த் துண்டொன்றின் பெறுமதி இவ்வளவு. அழகுக்காக அடைக்கப்பட்டதும் அதுவே.

நிற்க. முன்மூலையிலே வெடித்தது ஏன் என்பது வேறொரு விடயம். மலைச்சரிவிலே சமதளம் உண்டாக்குவோர், மேற்பக்கத்தை வெட்டி அம்மண்ணையே கீழ்ப்பக்கத்தில் கொட்டிப் பரப்புவர். ஆகவே கட்டடத்தின் பின்பாதி காலங்காலமாக இறுகிய மண்ணிலும், முன்பாதி நேற்றுக் கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் நனையுந்தோறும் அமிழும். இறுகிய மண்ணோ அவ்வாறு அமிழாது. ஒரு கால் தரையிலும் மறுகால் சேற்றிலுமாக நிற்பவன் நிலையை ஒத்தது அக்கட்டடம். வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோட்டின்மேல் சுவர் வெடிப்பதை இப்பகுதியின் எத்தனையோ வீடுகளிற் காணலாம். கொட்டிய மண்ணுக்குள்ளே தேயிலைத் தூரும் வேரும் கிடந்தால், அவை உக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். நிரப்பத்தான் வேண்டுமெனின், புல்லையும் வேரையும் களைந்து, சரிவைப் படிபடியாக வெட்டி, ஆறு அல்லது எட்டு அங்குலக் கனத்துக்கு மண்ணைப் பரப்பி, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்கியபின்னரே அடுத்த படையைப் போடவேண்டும். அதனினும் நன்று, வீட்டைச் சற்றுச் சிறிதாக்கியேனும் வெட்டிய தளத்திலேயே முழுவதையும் நிறுத்துதல். முன்புறத்து நிரப்பு நிலம் முற்றமாக இருக்கட்டும்.

றக்வானைக்கே உரிய மற்றோர் ஆபத்தும் உண்டு. தாழ்நிலங்களிலே இரத்தினக்கல் இருக்கும் பரற்படையை இல்லம் என்பர். அதனைத் தேடித் தோண்டிய குழிகள் பின்னர் மூடப்பட்டாலும், எல்லாக் குழிகளும் இறுக்கி மூடப்பட்டன என்று சொல்வதற்கில்லை. பத்தாண்டு கழிந்தால் மேலே புல் மூடிவிடும், அடையாளம் தெரியாது. அத்தகைய நிலத்தை வாங்குவோர், பத்திரத்தை ஆராய்வதோடு அயலிலுள்ள முதியோரையும் விசாரித்தல் நன்று. கட்டடம் வரும் இடத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஆழக் குழி தோண்டி, மண்ணின் நிறமும் இறுக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தல் அதனினும் நன்று.

இனிக் கூரைநீரைப் பற்றிச் சொல்லவேண்டும். மலையகத்துத் தனிவீட்டுத் திட்டங்களிலே குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் காணியும், 550 சதுர அடி வீடும் என்பது பெருவழக்காயிருந்த அளவு. அவ்வீட்டின் பரப்பு ஏறத்தாழ 51 சதுர மீற்றர். ஒருநாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், அப்பரப்பின்மீது மட்டும் 5,100 லீற்றர் நீர் விழும். 200 லீற்றர்ப் பீப்பாய் இருபத்தைந்து என்க. இரத்தினபுரிச் சராசரிப்படி ஆண்டொன்றுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1,89,000 லீற்றர். பீலி இல்லாத கூரையிலிருந்து இவ்வளவும் அத்திவாரத்தை ஒட்டியே விழுகிறது. (யாழ்ப்பாணத்தார்க்குப் பீலி என்பது இறவாரத்தில் நீர் ஏந்துவது, தோட்டத்தார்க்கோ மலையூற்று நீர் கொட்டும் குளிக்குமிடம். ஆகவே தோட்டத்து மேசனிடம் பீலி வையுங்கள் என்று சொல்லுமுன் எதனைக் கருதுகின்றோம் என்று விளக்கிவிடுதல் நலம்.)

வேறொரு கணக்கு எம்மையே திடுக்கிடச் செய்தது. ஐவர் வாழும் வீட்டிலே ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் நீர் செலவாவதாகக் கொள்வோம். நாளுக்கு 500 லீற்றர். ஆண்டுக்கு 1,82,500 லீற்றர். கூரைமீது ஓராண்டு முழுவதும் விழும் மழைக்கு இது ஏறத்தாழச் சமன்! குசினியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வெளிவரும் இந்நீரைச் சுவரோரமாக விட்டுவிடுவோமாயின், வானம் ஒருமுறை பெய்வதை யாமே மறுமுறை பெய்விக்கின்றோம். அதுவும் கோடையென்றும் மாரியென்றும் பாராது நாடோறும் பெய்விக்கின்றோம். கழிவுநீர்க்குழியை வீட்டின் மேற்சரிவில் அமைத்தோரையும் யாம் கண்டதுண்டு. குழாயிற் சிறு கசிவை மாதக்கணக்காக விட்டுவைத்தலும் இவ்வினத்ததே.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் யாது? இலக்கியம் பயின்றார்க்குக் கான் என்றவுடன் காடே நினைவுக்கு வரும். தோட்டத்திலே கான் என்பது நீரோடும் பள்ளம். தேயிலை மலைகளிலே சரிவின் குறுக்கே, மிக மெல்லிய சாய்வுடன், இடையிடையே மண்தடை விட்டுக் கான்கள் வெட்டப்பட்டிருக்கும். ஓடிவரும் நீர் அங்கே வேகந் தணிந்து, கொணர்ந்த மண்ணை விட்டுவிட்டுத் தெளிந்து செல்லும். கோப்பிக் காலத்திலே புல்லை முற்றாகச் செதுக்கி, மேல்மண்ணை ஆறுகளுக்கு இரையாக்கியபின் கற்ற பாடம் அது. 1951-ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர் இக்கான்களை வெட்டியும் துப்புரவாக்கியும் வந்தனர். தேயிலைச் செடிக்காக மலை முழுவதும் நீர்வழி வகுத்த மக்களின் பேரப்பிள்ளைகள், தம் வீட்டுக்கென ஒரு கான் இல்லாமற் கட்டுவதைப் பார்க்குந்தோறும் எமக்கு வருத்தமுண்டாகிறது. பிழை அவர்கள்மீதன்று. வீட்டின் வரைபடத்திலே சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, கான் இல்லை. கான் வேலை எஞ்சிய பணத்திற் செய்யப்படுவது, பணமோ எஞ்சுவதில்லை.

தேயிலைக்குரிய கானுக்கும் வீட்டுக்குரிய கானுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. செடிக்குச் சிறிது நீர் மண்ணில் இறங்கவேண்டும். வீட்டின் மேற்புறத்திலோ நீர் இறங்கலாகாது, முழுவதும் ஓடிவிடவேண்டும். ஆகவே வெட்டுக்கரையின் உச்சிக்குச் சற்று மேலே, கல்லோ கொங்கிறீற்றோ பரவிய கானொன்று குறுக்கே அமைந்து, மேலிருந்து வரும் நீரை இருமருங்கும் திருப்பவேண்டும். வெறும் மண்கானை அங்கே வெட்டினால், அதுவே நீரைக் கரைக்குள் இறக்கும் வாயிலாகிவிடும். கரையின் அடியிலே மற்றொரு கான் வேண்டும். அதற்கும் சுவருக்குமிடையே ஒரு மனிதன் மண்வெட்டியோடு நின்று துப்புரவாக்கத்தக்க இடமேனும் இருத்தல் வேண்டும். எம் பாடசாலையில் அவ்விடம் இருந்தமையாற்றான் முதியவர் சுவரை அணுக முடிந்தது. வீட்டைச் சூழ்ந்த நிலம் சுவரிலிருந்து விலகிச் சாயவேண்டும். பத்தடித் தூரத்தில் ஆறங்குல இறக்கம் என்பது நினைவிற் கொள்ள எளிய அளவு. சுவரடியிலே இரண்டு மூன்றடி அகலத்துக்குக் கொங்கிறீற்று விளிம்பு போட்டால், இறவாரத்து நீர் அத்திவாரத்துள் இறங்காது. அத்திவாரத்திற்கும் சுவருக்குமிடையே ஈரத்தடுப்புப் படை போடுவதில் மிச்சம்பிடித்தல் கூடாது. சுவர் எழும்பியபின் அதனை இடுதல் பெரும்பாடு.

நிலத்துக்குள்ளே ஊர்ந்துவரும் நீருக்கு மேற்கான் போதாது. அத்திவாரத்தின் மேற்புறத்திலே அதனினும் தாழ்வாக, ஆனால் அதனடி மண் சரியாதவாறு தள்ளி, அகழி வெட்டி, துளையிட்ட குழாயை வைத்து, உடைகல்லால் நிரப்பி, மண் புகாதபடி வடிதுணியாற் போர்த்து, தாழ்ந்த புறத்திலே வாய் விடுவர். இதனை ஆங்கிலேயர் பிரெஞ்சுக் கான் என்பர். பிரான்சு தேசத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அமெரிக்காவிலே வாழ்ந்த ஹென்றி பிளாக் பிரெஞ்சு என்னும் நீதவான், 1859-இல் வயல்நிலங்களை வடியச் செய்வது பற்றி நூலொன்று எழுதினார். அவர் பெயரே கானுக்கு வழங்கலாயிற்று. வாசிங்ரனிலே ஆபிரகாம் லிங்கனின் வீற்றிருக்கும் பெருஞ்சிலையைச் சமைத்த சிற்பி அவருடைய மகன். மகனின் சிலையை உலகம் அறியும். தந்தையின் கானோ மண்ணுக்குள்ளே கிடந்து வீடுகளைத் தாங்குகிறது.

இங்கே ஒரு தடையெழலாம். ஈரம் தீயதெனின், அத்திவாரத்து மண்ணை எவ்வளவு உலர்த்தினாலும் நன்றுதானே என்று கேட்பர். அன்று. சில மண்களுக்கு உலர்தலும் பகை. மன்னார் மாவட்டத்து முருங்கனிலே உள்ள கருங்களி, மாரியிற் பொங்கிக் கோடையிற் கையளவு வெடிப்பது. அது நெல்லுக்கு நல்லது, சுவருக்கு ஆகாதது. கோவிற்பட்டிக் கரிசலும் அவ்வினமே. அத்தகைய நிலத்துக்காகவே இந்தியாவின் உரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடிபருத்த கொங்கிறீற்றுத் தூண்களை ஈரம் மாறாத ஆழத்திற் பதிக்கும் முறையை உருவாக்கினர். இங்கிலாந்திலே 1976-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில், களிமண் சுருங்கியமையால் எத்தனையோ வீடுகள் வெடித்தன. றக்வானையின் செம்மஞ்சள் மண் அவ்வளவு பொங்குவதன்று. எனினும், ஒருபக்கம் ஊறியும் மறுபக்கம் காய்ந்தும் இருத்தல் எந்த மண்ணுக்கும் ஆகாது. ஆதலின் நாடவேண்டியது எப்புறத்தும் ஒத்த, காலந்தோறும் பெரிதும் மாறாத ஈரநிலையே.

ஏழு பேர்ச் காணிகள் படிபடியாக அமைந்த குடியிருப்புகளிலே பிறிதொரு சிக்கல் எழுகிறது. மேல்வீட்டார் தம் கானைத் திருப்பிவிடும் இடம் கீழ்வீட்டாரின் அத்திவாரம். இதனால் உறவினரும் பேச்சற்றுப் போனமையை யாம் அறிவோம். தனித்தனி வீட்டார் இதனைத் தீர்த்தல் அரிது. காணிகளை அளந்து கல் நாட்டுமுன்னரே, சரிவின் மேலிருந்து ஓடைவரை இறங்கும் பொதுக்கானை வெட்டிக் கல்பாவி முடித்தல் வேண்டும். வீதியும் மின்சாரமும் பொதுவேலையாதல்போல இதுவும் பொதுவேலையே.

மற்றொன்றும் ஒளியாமற் கூறவேண்டும். கானால் காக்கக்கூடிய நிலமும் உண்டு. எக்கானாலும் காக்கலாகாத நிலமும் உண்டு. 2014 அக்டோபர் 29-ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்து மீரியபெத்தையிலே மலை இறங்கி லயன்களை மூடியது. தப்பியவர்களுக்கு மாகல்தெனியாவில் 75 வீடுகள் கட்டி 2016-இல் வழங்கப்பட்டன. அதே 2016-ஆம் ஆண்டு மே 17-ஆம் திகதி, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் எமது இரத்தினபுரி மாவட்டமே வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பெருந்துயருற்றது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளியின் மழையால் மத்திய, ஊவா மாகாண மலைகள் பலவிடத்தும் சரிந்தன. இத்தகைய இடங்களில் சுவரடிக் கானைப் பற்றிப் பேசுவது பொருந்தாது, இடம்பெயர்தலே வழி. எந்நிலம் எவ்வகையது என்று தீர்ப்பது எம்போன்றார் வேலையன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கென உள்ளது. மலைமாவட்டங்களிலே வீடு கட்டுமுன் அதன் சிபாரிசைப் பெறுதலை வெறுஞ் சடங்காக எண்ணலாகாது. அந்நிறுவனத்தார் எச்சரிக்கைக்கென வகுத்த மழையளவுகள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதத்தக்கவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாதல், 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, வெளியேறிவிடுதல். இதனை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள தகரப்பேணியொன்றைத் திறந்தவெளியில் வைத்து, அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்தாற் போதுமானது. புதிதாக ஊற்றெடுத்தல், இருந்த ஊற்று வற்றுதல், தெளிந்த ஓடை திடீரெனக் கலங்குதல், மரம் சாய்தல், நிலம் வெடித்தல் ஆகியவற்றைக் காணின் பேணியைப் பார்த்துக்கொண்டிராமல் நீங்கிவிடல் வேண்டும். முதியவர் கேட்ட கேள்வியும் வற்றிய ஊற்றைப் பற்றியதே என்பதை ஈண்டு நினைக.

எம் பாடசாலைச் சுவருக்கு என்ன நேர்ந்தது எனச் சிலர் கேட்பர். பொறியியலாளர் வந்து பார்த்தனர். சுவரின் நடுப்பாகத்தைப் பிரித்துக் கட்டுவித்து, பின்னே உடைகல் நிரப்பி, உச்சியிலே கல்பாவிய கான் அமைத்தனர். அதற்குச் செலவான பணத்தில் முதலிலேயே கானும் போட்டு, நூலகத்துக்கு அலுமாரியும் வாங்கியிருக்கலாம். ஐந்தாந் தரத்தார் தம் அறைக்கு மீண்டனர். முன்மூலை வெடிப்பை மட்டும் பூசவேண்டாம் என்று யாம் கேட்டுக்கொண்டோம். அதன் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தினால் ஒட்டி, வெடிப்பின் முனையிலே பென்சிலாற் கோடிட்டுத் திகதி எழுதியுள்ளோம். ஒன்பதாந் தரத்து மாணவர் பேணியில் மழையை அளந்து, வெடிப்பையும் அளந்து, ஒரே கொப்பியில் எழுதுகின்றனர். மழை பெய்த நாளிலன்றி, அதற்கு மறுநாளோ மூன்றாநாளோதான் வெடிப்பு அசைந்தது என்பதை முதலிற் கண்டவர்கள் அவர்களே. மேலிருந்து மண்ணுக்குள் ஊர்ந்துவரும் நீர் வந்துசேர அத்துணை நேரம் வேண்டும் என்று யாம் விளக்கினோம். முதற் கண்ணாடி மூன்றாம் மாதத்தில் உடைந்தது. சுவர் திருத்தப்பட்டபின் ஒட்டிய இரண்டாவது இன்னும் உடையவில்லை.

சித்திரை விடுமுறைக்கு முன்னும், ஐப்பசி மழைக்கு முன்னும், மாணவர் கானைத் துப்புரவாக்குவர். முதியவரும் வந்து நாற்காலியில் இருந்தபடி மேற்பார்வை செய்வார். சென்றமுறை சுவரின் துளைகளை எண்ணி, நல்ல மழையின் மறுநாளிலே எவையெவை வடிகின்றன என்று குறிக்கச் சொன்னார். இருபத்துநான்கில் இருபத்திரண்டு வடிந்தன. எஞ்சிய இரண்டின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது.